குருதியில் தேங்கும் காபனீரொட்சைட்டு: அறிந்து கொள்ளலும் சிகிச்சையும்

மூச்சு என்றவுடன் எம்மில் அநேகருக்கு நினைவுக்கு வருவது ஒட்சிசன் ஒன்றுதான். 2020 ஆம் ஆண்டு கொரோனா வந்த பின்னர் விரலில் மாட்டும் சிறிய ஒக்சிமீற்றர் பல தமிழ் வீடுகளில் சுவாமி அறைக்குப் பக்கத்து அலுமாரியில் இடம் பிடித்து விட்டது. "அப்பாவுக்கு 96 காட்டுது, பயமில்லை" என்று தொலைபேசியில் சொல்லிக் கொள்கிறோம். அந்தக் கருவி சொல்வது உண்மைதான். ஆனால் மூச்சின் பாதியை மட்டுமே அது சொல்கிறது. உள்ளே போகும் வாயுவை அது அளக்கிறது. வெளியே போக வேண்டிய வாயு போகிறதா என்பது அதற்குத் தெரியாது. 96 காட்டும் விரலுக்குரியவர் காபனீரொட்சைட்டு தேங்கி மயங்கிக் கொண்டிருக்கவும் கூடும். அந்த மறுபாதி பற்றியதே இக்கட்டுரை.

கழிவு வாயு வெளியேறும் விதம்

ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவரின் உடல் நிமிடம் ஒன்றுக்குச் சுமார் 200 மில்லிலீற்றர் காபனீரொட்சைட்டை உண்டாக்குகிறது. நாம் உண்ணும் சோறும் எண்ணெயும் உடலில் எரிந்து சக்தியாகும்போது வரும் புகை என்று இதனைக் கொள்ளலாம். குருதி இதனைச் சுவாசப்பைக்குக் காவி வருகிறது. அதில் பெரும் பங்கு, ஏறத்தாழ 70 வீதம், பைகாபனேற்று என்ற உப்பு வடிவிலேயே வருகிறது. சுவாசப்பையின் சிற்றறைகளில் மீண்டும் வாயுவாகி, வெளிமூச்சுடன் வெளியேறுகிறது.

நாடிக் குருதியில் இவ்வாயுவின் அமுக்கம் 4.7 முதல் 6.0 கிலோபாஸ்கல் வரை இருப்பது இயல்பு. பழைய அளவில் 35 முதல் 45 மில்லிமீற்றர் இரசம். டென்மார்க்கில் முதல் அளவே பாவனையில் உள்ளது. கொழும்பிலோ சென்னையிலோ எடுத்த அறிக்கையில் இரண்டாவது அளவு இருக்கலாம். "45" ஐயும் "6" ஐயும் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றே. காபனீரொட்சைட்டு கூடினால் குருதி அமிலத்தன்மை அடையும். அதனைக் காட்டும் பிஎச் அளவு 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனியுங்கள். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லிலீற்றர் காற்று தொண்டையிலும் குழாய்களிலுமே நின்று விடும், சிற்றறைக்குப் போகாது. அமைதியாக மூச்சு விடும் ஒருவர் நிமிடத்துக்கு 15 தடவை, தடவைக்கு 500 மில்லிலீற்றர் இழுக்கிறார் என்போம். மொத்தம் 7.5 லீற்றர். அதில் பயன்படுவது 350 ஐ 15 ஆல் பெருக்க வரும் 5.25 லீற்றர். இன்னொருவர் நாய் இளைப்பது போல நிமிடத்துக்கு 30 தடவை, தடவைக்கு 250 மில்லிலீற்றர் இழுக்கிறார். மொத்தம் அதே 7.5 லீற்றர்தான். ஆனால் பயன்படுவது 100 ஐ 30 ஆல் பெருக்க வரும் 3 லீற்றர் மாத்திரமே. ஆகவே வேகமாக மூச்சு விடுகிறார், எனவே காற்று நன்றாகப் போய் வருகிறது என்று எண்ணுவது தவறு. மேலோட்டமான மூச்சினால் கழிவு வாயு வெளியேறாது. வெளியேறும் பயனுள்ள காற்று பாதியாகக் குறைந்தால், குருதியில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ இரு மடங்காகும்.

கொப்பன்ஹேகன் தந்த பாடம்

இந்த விடயத்தை உலகுக்குக் கற்பித்தது நாம் வாழும் இதே நாடுதான் என்பது எம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 1952 ஆம் ஆண்டு கோடையில் கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. பிளக்டம் வைத்தியசாலைக்கு நாளொன்றுக்கு ஐம்பது பேர் வரை கொண்டு வரப்பட்டனர். விழுங்கவும் மூச்சு விடவும் முடியாத நோயாளர் பலர். அங்கிருந்ததோ இரும்பு நுரையீரல் எனப்பட்ட பெரிய இயந்திரம் ஒன்றும், மார்பில் பூட்டும் சிறிய இயந்திரங்கள் ஆறும். முதல் மூன்று வாரங்களில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர்.

இறக்கும் முன் அவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. இரத்த அழுத்தம் ஏறியது. பின் உணர்வு மங்கியது. கிருமி மூளையைத் தாக்கி விட்டது, இனிச் செய்வதற்கில்லை என்றே வைத்தியர்கள் கருதினர். குருதியைப் பரிசோதித்தபோது பைகாபனேற்று மிக அதிகமாக இருந்தது. அதனைக் காரணம் தெரியாத காரத்தன்மை என்று எண்ணினார்கள். மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சன் என்பவர் அழைக்கப்பட்டார். அவர் அதே எண்ணைப் பார்த்து வேறு முடிவுக்கு வந்தார். இது காரம் அல்ல, வெளியேற முடியாமல் தேங்கிய காபனீரொட்சைட்டு. வியர்வையும் இரத்த அழுத்தமும் மயக்கமும் அதன் அறிகுறிகளே என்றார். ஆகஸ்ட் 27 ஆம் திகதி, சாகும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பை ஒன்றைக் கையால் அமுக்கி அவளது சுவாசப்பைக்குக் காற்றுக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள்.

அதன் பின் நடந்தது எண்ணிப் பார்க்கவே வியப்பானது. இயந்திரம் இல்லாத படியால் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும், வாரக் கணக்காக நோயாளரின் தலைமாட்டில் இருந்து பையை அமுக்கினர். ஒரே வேளையில் எழுபது பேர் வரை இவ்வாறு கையால் மூச்சுக் கொடுக்கப்பட்டு வாழ்ந்தனர். 80 வீதத்துக்கு மேலிருந்த இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் போல் அஸ்ட்ரப் என்பவர் குருதியின் காபனீரொட்சைட்டை விரைவாக அறியும் முறையை உருவாக்கினார். இப்சன் 1953 இல் கொப்பன்ஹேகனில் அமைத்த பிரிவு, இன்று உலகெங்கும் உள்ள அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னோடியாகும்.

அன்று கவனிக்கத் தவறியவர்கள் தேர்ந்த வைத்தியர்கள். ஆகவே வீட்டில் உள்ளவர்கள் இந்த அறிகுறிகளைக் காணத் தவறுவதில் ஆச்சரியம் இல்லை.

யாருக்கு வரும்?

முதலாவதாக, நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் உள்ளவர்கள். டென்மார்க் வைத்தியர்கள் கே.ஓ.எல். என்ற மூன்றெழுத்தில் சொல்வது இதனையே. "எங்கட அம்மா சிகரட்டைக் கண்ணாலும் தொட்டதில்லை, அவவுக்கு எப்படி?" என்று கேட்பவர்கள் உண்டு. புகைத்தல் முக்கிய காரணம்தான். ஆனால் நாற்பது ஐம்பது வருடம் புகைபோக்கி இல்லாத குசினியில் விறகு, பன்னாடை, பொச்சுமட்டை எரித்துச் சமைத்த பெண்களின் சுவாசப்பையும் அதே போலப் பழுதடையும். இது நன்கு நிறுவப்பட்ட உண்மை. இளமையில் சயரோகம் வந்து மாறியவர்களுக்கும் இது வரலாம். இவற்றை இங்குள்ள வைத்தியர் தாமாகக் கேட்க மாட்டார். நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, உடற்பருமன் மிகுந்தவர்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் உள்ள பாரம் மூச்சை அமுக்குகிறது. நித்திரையில் குறட்டையும் மூச்சுத் தடையும் சேர்ந்து கொள்கின்றன. பகலில் கோயில் பிரசங்கத்தில் தூங்கி விழும் பருத்த மனிதரைப் பார்த்துச் சிரிக்கிறோம். பிரசங்கம் நீண்டு போனதும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் அவரை ஒருமுறை வைத்தியரிடம் அனுப்புவது நல்லது.

தசை, நரம்பு நோய் உள்ளவர்கள், முதுகெலும்பு மிகவும் வளைந்தவர்கள் ஆகியோருக்கும் இது வரும். வலிக்குக் கொடுக்கும் மோபீன், கொடெயின் வகைகளும், நித்திரைக் குளிசைகளும் மூளையின் மூச்சு மையத்தை மந்தப்படுத்தும். ஏற்கெனவே விளிம்பில் இருப்பவரை ஒரு குளிசையே தள்ளி விடக்கூடும்.

தொய்வு நோய் பற்றித் தனியாக ஒன்று. தொய்வு கடுமையாக இழுக்கும்போது, வேகமாக மூச்சு விடுவதால் காபனீரொட்சைட்டு குறைந்தே இருக்கும். அந்த வேளையில் அது இயல்பான அளவுக்கு வந்து விட்டது என்றால் மகிழ வேண்டாம். நோயாளி களைத்துப் போகிறார் என்பதே பொருள். இழுப்புச் சத்தம் அடங்கி, பிள்ளை பேசாமல் சோர்ந்திருந்தால் அது சுகமல்ல, ஆபத்து.

அறிகுறிகள்

மெதுவாகத் தேங்கும்போது முதலில் வருவது காலைத் தலையிடி. எழும்பும்போது மண்டை பாரமாக இருந்து, பத்து மணியளவில் தானே விட்டு விடும். காரணம், நித்திரையில் எல்லோருக்கும் மூச்சுச் சற்றுக் குறையும்; இவர்களுக்கு அக்குறைவைத் தாங்க இடமில்லை. காபனீரொட்சைட்டு மூளையின் குருதிக் குழாய்களை விரிக்க, தலை இடிக்கிறது. இரவில் நல்ல நித்திரை இல்லை, பகலில் கண் சொருகும். மறதி, எரிச்சல், கணக்கு வழக்கில் தடுமாற்றம் தோன்றும். வயது போனதென்று விட்டு விடுவார்கள்.

விரைவாக ஏறும்போது காண்பவை வேறு. கைகள் சூடாகவும் முகம் சிவந்தும் வியர்த்தும் இருக்கும். நாடி பலமாகத் துடிக்கும். கண் வெள்ளை சிவக்கும். எங்கள் தோல் நிறத்தில் முகச் சிவப்புத் தெரியாது, ஆகவே கையைத் தொட்டுப் பாருங்கள். இரு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களை விரித்து, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி வைத்திருக்கச் சொன்னால், கை பறவைச் சிறகு போல விட்டு விட்டு விழும். பேச்சுக் குழறும், இடம் காலம் மாறிப் பேசுவார், பின்பு நித்திரை.

அந்த நித்திரைதான் ஏமாற்றுவது. இரண்டு நாளாக இருந்து மூச்செடுத்துத் துன்பப்பட்டவர் மூன்றாம் நாள் மாலை அமைதியாகத் தூங்குகிறார். வீட்டார் விளக்கை அணைத்து, "பாவம், இப்பதான் கண்ணயர்ந்தவ, எழுப்பாதேங்கோ" என்று கதவைச் சாத்துவார்கள். கே.ஓ.எல். உள்ள ஒருவர் இவ்விதம் திடீரென அமைதியடைந்தால் எழுப்பிப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கண் திறந்து ஒழுங்காகப் பதில் சொன்னால் நல்லது. முனகி விட்டு மீண்டும் உறங்கினால், பதில் சம்பந்தமில்லாமல் வந்தால், உடனே 112 க்கு அழையுங்கள். விடியட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம்.

மொழிபெயர்க்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மம்மா "களைக்குது" என்றால் மூச்சு வாங்குகிறது என்றே யாழ்ப்பாணத்தில் பொருள். இங்கு பிறந்த பேரப்பிள்ளை அதனை "ட்ரெத்" என்று, அதாவது அசதி என்று, வைத்தியருக்குச் சொல்லி விடுகிறது. "ஒன்னநோத்" என்று சொல்ல வேண்டிய இடம் அது. இந்த ஒரு சொல்லால் நோயறிதலே திசை மாறி விடலாம்.

ஒட்சிசன் கூடினால் என்ன?

எம்மவர்கள் வைத்தியசாலையில் மனம் நோகும் இடம் இதுவே. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு 97 காட்டுகிறது. எங்கள் அம்மாவுக்கு 89. தாதியோ ஒட்சிசனைக் கூட்டாமல் போகிறார். "எங்கட ஆக்கள் எண்டபடியால்தான் கவனிக்கினமில்லை" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் எழும்பிப் போய்த் தாமே குமிழைத் திருப்புகிறார். தயவு செய்து இதனைச் செய்ய வேண்டாம். காபனீரொட்சைட்டு தேங்கும் தன்மை உள்ளவர்களுக்கு இலக்கு 88 முதல் 92 வீதம். தாதி வேண்டுமென்றேதான் அங்கு நிறுத்தியிருக்கிறார்.

காரணம் இது. பழுதடைந்த சிற்றறைகளுக்கு ஒட்சிசன் குறைவாகச் செல்வதால், உடல் அப்பகுதிக்குப் போகும் குருதிக் குழாய்களைச் சுருக்கி, நல்ல பகுதிக்குக் குருதியைத் திருப்பி வைத்திருக்கிறது. வெளியிலிருந்து ஒட்சிசனை அள்ளிக் கொட்டினால் அச்சுருக்கம் விட்டுப் போகும். குருதி மீண்டும் பழுதான பகுதிக்கு ஓடி, கழிவு வாயுவை வெளியேற்றாமலே திரும்பி வரும். மேலும் ஈமோகுளோபினில் ஒட்சிசன் நிறைந்தால், அதில் ஒட்டியிருந்த காபனீரொட்சைட்டு கழன்று குருதியில் கலக்கும். மூச்சு விடும் உந்துதலும் சற்றுக் குறையும்.

இது வெறும் கொள்கை அல்ல. அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் அம்புலன்சில் ஏற்றிய 405 நோயாளரை இரு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தனர். ஒரு பிரிவுக்கு வழக்கம் போல அதிக ஒட்சிசன். மற்றதற்கு 88 முதல் 92 வரை அளந்து கொடுத்தது. 2010 இல் வெளியான முடிவின்படி, அளந்து கொடுத்த பிரிவில் இறப்பு 58 வீதம் குறைவாக இருந்தது, கே.ஓ.எல். உறுதியானவர்களிடையே 78 வீதம் குறைவு.

ஆயினும் ஒட்சிசன் கெட்டது என்று எண்ணி அதனைக் கழற்றி விடவும் கூடாது. ஒட்சிசன் மிகக் குறைந்தால் உயிர் அதை விட விரைவாகப் போகும். அளவோடு கொடுப்பதே முறை. அதற்காகவே 24 வீதம், 28 வீதம் என்று மாறாத அளவில் ஒட்சிசன் கொடுக்கும் முகமூடி உள்ளது. மொரான் கம்பல் என்ற வைத்தியர் 1960 இல் அதனைப் பற்றி எழுதினார். ஒக்சிமீற்றர் கருமையான தோலில் சில வேளை உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும் என்பதும் 2020 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் தெளிவாகியது. சந்தேகம் இருப்பின் நாடிக் குருதிப் பரிசோதனையைக் கேட்கலாம்.

வைத்தியசாலையில் நடப்பவை

மணிக்கட்டில் உள்ள நாடியிலிருந்து குருதி எடுப்பார்கள். வழமையான ஊசியை விட வலிக்கும். ஆனால் விடை சில நிமிடங்களில் வந்து விடும். பிஎச் 7.35 க்குக் கீழே, காபனீரொட்சைட்டு 6 க்கு மேலே என்றால் அவசரம். காபனீரொட்சைட்டு கூடி, பிஎச் இயல்பாக, பைகாபனேற்றும் கூடியிருந்தால், இது நெடுநாளாக இருந்தது, சிறுநீரகங்கள் பல நாள் எடுத்து ஈடு செய்திருக்கின்றன என்று அறியலாம். இப்சன் கண்ட அதே பைகாபனேற்று. சாதாரண இரத்தப் பரிசோதனையில் அது 27 க்கு மேல் இருந்தால் குடும்ப வைத்தியரிடம் கேட்டு வையுங்கள்.

மூச்சுக்குழாயை விரிக்கும் புகை மருந்து, ஸ்டீரொயிட், கிருமித் தொற்று இருப்பின் அதற்குரிய மருந்து ஆகியவை கொடுக்கப்படும். குளிசைகளால் வந்தது என்றால் அவை நிறுத்தப்படும். மோபீன் வகைக்கு மாற்று மருந்தும் உண்டு. இவற்றுக்கும் அமிலத்தன்மை குறையாவிடின் முகமூடி இயந்திரம். மூக்கையும் வாயையும் இறுக மூடி, உள்ளிழுக்கும்போது அமுக்கத்துடன் காற்றைத் தள்ளி, வெளிவிடும்போது தளர்த்தும். 1952 இல் மாணவர் கையால் செய்ததைத் தொண்டையில் துளையிடாமலே செய்யும் இயந்திரம் இது. பிரித்தானியாவில் 14 வைத்தியசாலைகளில் 236 கே.ஓ.எல். நோயாளரிடையே நடந்து 2000 இல் வெளியான ஆய்வில், இந்த முகமூடியால் இறப்பு 20 வீதத்திலிருந்து 10 வீதமாகக் குறைந்தது.

ஆனால் முதல் சில மணி நேரம் மிகக் கடினம். முகத்தில் காற்று மோதும்; மூச்சுத் திணறுவது போலத் தோன்றும்; குழம்பியிருக்கும் நோயாளி கழற்றி எறிவார். மொழி தெரியாத இடத்தில் பயம் இரு மடங்கு. இங்கேதான் குடும்பத்தவர் செய்யக்கூடியது உண்டு. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்து, "காத்தோட சேர்ந்து இழுங்கோ, இப்ப விடுங்கோ" என்று தமிழில் சொல்லிக் கொண்டிருந்தாலே பலர் அடங்கி விடுவர். முகமூடி பூட்டியிருக்கும்போது தேத்தண்ணியோ பாலோ பருக்க வேண்டாம், புரைக்கேறி விடும். ஒரு மணி நேரமளவில் மீண்டும் குருதி எடுத்துப் பார்ப்பார்கள். அப்போது பிஎச் ஏறத் தொடங்கியிருந்தால் நல்ல அறிகுறி.

இதற்கும் சரிவராவிட்டால் தொண்டைக்குழாயிட்டு அதிதீவிர சிகிச்சைக்குக் கொண்டு போவதா என்ற கேள்வி வரும். நள்ளிரவில், மயங்கிய தாயின் கட்டிலருகே, முதன்முறையாக அக்கேள்வியைக் கேட்க நேர்வது கொடுமை. நோயாளி தெளிவாக இருக்கும் நாளில், அவர் வாயாலேயே அவரது விருப்பத்தைக் கேட்டு வைப்பது, எம்மவர் அபசகுனம் என்று தள்ளிப் போட்டாலும், அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.

வீட்டில்

வைத்தியசாலையிலிருந்து வந்து இரண்டு முதல் நான்கு வாரத்தின் பின்னும் காபனீரொட்சைட்டு கூடியே இருந்தால், இரவில் வீட்டிலேயே முகமூடி இயந்திரம் பாவிப்பது பயன் தரும். 2017 இல் வெளியான 116 பேரைக் கொண்ட பிரித்தானிய ஆய்வில், வீட்டு ஒட்சிசன் மட்டும் பெற்றவர்கள் மீண்டும் வைத்தியசாலை செல்லும் அல்லது இறக்கும் வரையான இடைக்காலம் 1.4 மாதமாகவும், இயந்திரமும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 4.3 மாதமாகவும் இருந்தது. பருமனால் வந்தவர்களுக்கு இயந்திரத்துடன் எடை குறைப்பதும் பெரும் மருந்து.

வீட்டில் ஒட்சிசன் உள்ளவர்கள் சுவாமி அறை விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும். குத்துவிளக்கு, கற்பூரம், சாம்பிராணி எதுவும் அந்த அறையில் வேண்டாம். ஒட்சிசன் தானே எரியாது. ஆனால் எரிவதைப் பன்மடங்காக்கும். மூக்கு வரண்டால் தேங்காய் எண்ணெயோ வசலினோ பூச வேண்டாம். நீர் கலந்த களிம்பை மருந்துக் கடையில் கேட்கலாம். கோயிலில் தீபாராதனை வேளையில் கையிற் கொண்டு செல்லும் ஒட்சிசனுடன் முன்வரிசையில் நிற்பதையும் தவிர்க்கவும்; கதவருகே கதிரை போட்டுக் கொடுத்தால் அவர் நிம்மதியாக இருந்து கும்பிடுவார். உங்கள் நித்திரைக் குளிசையில் பாதியை முறித்து அம்மாவுக்குக் கொடுக்க வேண்டாம். மூச்சை அடக்கும் பிராணாயாமமும் இவர்களுக்கு உகந்ததல்ல. உதட்டைக் குவித்து மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விடும் பயிற்சி உதவும்.

"காபனீரொட்சைட்டு தேங்கும் நோயாளி, ஒட்சிசன் இலக்கு 88 முதல் 92" என்று டெனிஷ் மொழியில் எழுதிய சிறு அட்டையை வைத்தியரிடம் கேட்டுப் பணப்பையில் வைத்திருங்கள். 112 க்கு அழைத்தால் அம்புலன்சில் வருபவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். அவர்கள் வரும் வரை நோயாளியை நிமிர்த்தி இருத்தி வையுங்கள். ஒட்சிசனை வைத்தியர் குறித்த அளவிலேயே விடுங்கள்.

ஊர்த் திருவிழாவுக்குப் போக விரும்புபவர்களுக்கு: விமானத்தினுள் காற்றமுக்கம் சுமார் 2,400 மீற்றர் உயர மலையில் இருப்பது போல் இறங்கக்கூடும். பயணச் சீட்டு வாங்குமுன், சில வாரங்களுக்கு முன்பாகவே, சுவாசநோய்ப் பிரிவில் கேளுங்கள். இயந்திரத்தைப் பொதியில் போடாமல் கையோடு கொண்டு செல்லுங்கள். அதற்குரிய கடிதத்தை ஆங்கிலத்தில் பெறுங்கள். தங்கும் வீட்டில் மின்சாரம் நின்றால் இரவு முழுவதும் தாங்கும் பற்றறி உண்டா என்பதை இங்கிருந்தே விசாரித்துக் கொள்ளுங்கள்.